ஒரு வீட்டுக்கு ஒரு தாள்

ஐஸ் ஹொக்கியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொன்னால் எங்கள் சனம் சிரிக்கும். ஸ்கேற் கட்டி நிற்கக்கூட எனக்கு வராது. பனி விழுவதை நேரில் கண்டது ஒரே ஒரு முறைதான், அதுவும் காருக்குள் இருந்தபடி. ஆனால் ஏப்ரலில் வட அமெரிக்காவில் பிளேஓஃப் என்கிற கடைசிக்கட்ட ஆட்டங்கள் தொடங்கிவிட்டால், எந்தப் பெரிய அணி எந்தச் சின்ன அணியிடம் மண் கவ்வப் போகிறது என்று சிட்னியில், டூங்கபியில் என் குசினியில் நின்றபடி சொல்லிவிடுவேன். எல்லா முறையும் சரிவராது. ஆனால் தொலைக்காட்சியில் கோட் சூட் போட்டுக்கொண்டு பேசுகிறவர்களைவிட எனக்கு அதிகம் சரிவரும். இதைத் தற்பெருமை என்று யாராவது எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. என் பெருமையை இவ்வளவு காலமும் வேறொருவர் போட்டுக்கொண்டு திரிந்தார், அதனால் கொஞ்சத்தையாவது நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் கணவருடைய ஆட்கள் எல்லோரும் ரொறன்ரோவில். அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், முப்பது வருடமாக அங்கே இருக்கிறார். மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன், இவருக்கு அவர் அத்தான். குடும்பத்துக்குள் இந்த ஹொக்கிப் போட்டியைத் தொடக்கியவர் அவர்தான். பிளேஓஃப் தொடங்குவதற்கு முன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு தாளைப் போடுவார். பதினாறு அணி, எட்டுச் சோடி. ஒவ்வொரு சோடியிலும் யார் முதலில் நாலு ஆட்டம் வெல்வார்கள் என்று குறித்து அனுப்ப வேண்டும். அந்தச் சுற்று முடிய அடுத்த சுற்றுக்கு இன்னொரு தாள். தோற்கும் என்று ஊரே சொல்லும் அணியைக் குறித்து அது வென்றுவிட்டால் இரட்டைப் புள்ளி. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்திருந்தன. அண்ணையின் சட்டம் ஒன்றுதான்: ஒரு வீட்டுக்கு ஒரு தாள். தாளின் தலையில் வீட்டுக்காரர் பெயர். பரிசு கிடையாது. வென்ற வீட்டின் படம் அடுத்த வருடம் வரைக்கும் குழுவின் முகப்பில் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் குழுவில் நான் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு வந்த மற்ற மருமகள்மார் இருந்தார்கள். என்னைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை. என் கணவர் என்ஜினியராகக் குடிவரவுப் புள்ளிகள் எடுத்து விசாவோடு ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் வந்தவர். நான் படகில் வந்து, முடிவு வரும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாவில் வருடக்கணக்காக மெரிலேண்ட்ஸில் ஆறு பேரோடு ஒரு வீட்டில் இருந்தவள். கல்யாணப் பேச்சு எழுந்தபோது மச்சாள் தம்பியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி, பெண் என்ன படித்தவள் என்று. படித்துக்கொண்டிருக்கிறாள் என்று இவர் சொல்லிவிட்டார். நான் அப்போது ஒரு சாப்பாட்டுக்கடையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். எனக்காகப் பொய் சொல்கிறாரே என்று அன்றைக்கு உருகிப்போனேன். இவருக்குப் பொய் எவ்வளவு இலகுவாக வருகிறது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

முதல் தாள் வந்தபோது இவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இவர் கிரிக்கெட் பைத்தியம். ஐந்து நாள் ஆட்டத்தை அசையாமல் இருந்து பார்ப்பார், ஹொக்கி மட்டும் தலை சுற்றுகிறது என்பார். அத்தான் கோபிப்பார், நீரே ஏதாவது போட்டு விடும் என்று போனை என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அப்படித்தான் தொடங்கியது.

எனக்கு வேலை ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கிப் பொதி கட்டும் பிரிவில். பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் எங்களுக்குக் காலை ஒன்பது மணி. கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு, உடுப்பு மடித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். முதல் இரண்டு கிழமை அந்தக் கறுப்பு வட்டு எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. பிறகு வட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, வலைக்கு முன்னால் நிற்கிற கோலியைப் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஆட்டம் விளங்கியது.

ஒரு கோல் விழுந்தவுடன் கோலி என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். தடியால் கம்பத்தில் அடிக்கிறவன் அடுத்த கோலையும் விடுவான். போத்தலை எடுத்து இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதவன் மாதிரி நிற்கிறவன் இருக்கிறானே, அவன் எந்த நோஞ்சான் அணியில் இருந்தாலும் பயப்பட வேண்டிய ஆள். அடுத்தது, கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே வந்த அணி. அது முந்திய ஒரு மாதமும் ஒவ்வொரு ஆட்டத்தையும் வாழ்வா சாவா என்றுதான் ஆடியிருக்கும். முதலிடத்து அணி அந்த மாதம் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கும். உள்ளே விடுவார்களா மாட்டார்களா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவளுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மூன்றாவது, பின்வாங்கில் இருக்கிற மாற்று ஆட்களை அந்தப் பயிற்சியாளர் இறக்குகிறாரா, இல்லை இரண்டு நட்சத்திரங்களையே போட்டுப் பிழிகிறாரா என்பது. பிழியப்பட்டவர்கள் ஐந்தாவது ஆட்டத்தில் மூச்சு வாங்குவார்கள்.

இவ்வளவையும் நான் அவருக்குச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்திலிருந்து போன் எடுப்பார். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்தது யார் என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னை மதிக்கிறார் என்று நினைத்தேன். பாடமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாவது வருடம் நாங்கள் வென்றோம். நாங்கள் என்றுதான் அப்போது சொல்வேன். யாரும் மதிக்காத ஒரு அணியைக் கடைசிச் சுற்று வரைக்கும் குறித்திருந்தேன், அது போய்ச் சேர்ந்தது. குழுவில் வந்ததை அவர் வீட்டில் வாசித்துக் காட்டினார். "அவையள் எல்லாரும் திகைச்சுப் போச்சினம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மச்சாளும் அண்ணையும் என்னைப் பற்றித் திகைத்துப்போனார்களாம். எட்டு வருடமாக என் படிப்பை மட்டும் விசாரித்த சனம் இப்போது என் மூளையை விசாரிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு வேலையிடத்துக்குப் பால்கோவா செய்து கொண்டுபோனேன். முகப்புக்குப் படம் வேண்டும் என்றார். நீல ஜேர்சி ஒன்றைப் போட்டுக்கொண்டு வளவுக்குள் எலுமிச்சை மரத்தடியில் நின்றார், நான் எடுத்தேன். இரண்டு பேரும் நிற்கிற படம் பிறகு எடுப்போம் என்றார், மழை தூறத் தொடங்கிவிட்டது.

இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு மே மாதம் மச்சாளும் அண்ணையும் சிட்னிக்கு வந்தார்கள். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு சொந்தக்காரரின் கல்யாணம். அது முடிய எங்கள் வீட்டில் ஒரு கிழமை நிற்பதாக ஏற்பாடு. பிளேஓஃப் நடந்துகொண்டிருந்த காலம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். நான் குறித்த நோஞ்சான் அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னுக்கு நின்றது, அன்றைக்கு வென்றால் அடுத்த சுற்று. நண்டுக்கறியையும் சொதியையும் முதல் நாளே செய்து வைத்துவிட்டேன், இடியப்பத்தைக் கடையில் சொல்லிவிட்டேன். காரணம், அன்றைக்கு நான் குசினியில் நிற்கப் போவதில்லை. அவர்களோடு முன்னறையில் இருந்து ஆட்டம் பார்க்கப் போகிறேன். அண்ணை கேட்பார், நான் சொல்வேன். என்ன சொல்வது என்றுகூட மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

நான் இன்னும் கதிரையில் இருக்கவே இல்லை, தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருக்கிறேன். அண்ணை என் கணவரின் தோளில் தட்டி, எப்படியடாப்பா கண்டுபிடிக்கிறாய், அந்தச் சூத்திரத்தை எனக்கும் சொல்லு என்றார். இவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். சாய்ந்துகொண்டு சொன்னார்.

"வட்டைப் பாக்காதேங்கோ அத்தான். கோலியைப் பாருங்கோ. கோல் விழுந்த உடன தண்ணி குடிச்சிட்டு சும்மா நிக்கிறான் எண்டா, அவன்தான் ஆள்."

என்னுடைய சொற்கள். ஒன்றுகூட மாறவில்லை. வாழ்வா சாவா ஒரு மாதம் வந்தது, பின்வாங்கு வந்தது, பிழிவது வந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வார், இது என்னுடைய மனுசி கண்டுபிடித்தது என்று இப்போது சொல்லிச் சிரிப்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் பிஸ்கட் ஒன்றை எடுத்தார்.

மச்சாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கெட்ட மனுசி இல்லை அவர், அதையும் சொல்ல வேண்டும். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"பாவம் நீர். உமக்கு இது பிடிக்காதெண்டு தம்பி சொல்லுறவன். ரீவியை நிப்பாட்டச் சொல்லி ஒவ்வொரு காலமையும் சண்டையாமே?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் திரையைப் பார்த்தார். அங்கே ஒரு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது, யாரோ கார் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

என் ஆட்டத்தை எடுத்ததுகூடப் பெரிதில்லை. கேட்டிருந்தால் கொடுத்தும் இருப்பேன். ஆனால் அந்தக் கதையில் எனக்கு ஒரு வேடம் கொடுத்திருந்தார். ஆட்டம் பார்க்க விடாத, ஒன்றும் விளங்காத, நச்சரிக்கிற மனுசி. நாலு வருடமாகக் கடல்களுக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் அவள்தான் நான். அவர்கள் திகைத்துப்போனதெல்லாம், இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு இந்த மனிதன் எப்படி இவ்வளவு சாதிக்கிறான் என்றுதான்.

இந்த இடத்தில் வேறொரு பெண் உண்மையைப் போட்டு உடைத்திருப்பாள். நான் வாயைத் திறந்தேன். ஆனால் புருசனை அவனுடைய ஆட்களுக்கு முன்னால் பொய்யனாக்கக்கூடாது என்று எங்களுக்குள் ஊறிப்போன ஒன்று இருக்கிறது. அது என் நாக்கை முந்திக்கொண்டது. "ஓம் மச்சாள்" என்றேன். "சரியான அலுப்பு."

நான் செய்த பிழை அதுதான். அவர் நாலு வருடமாகச் சொன்ன பொய்க்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. என் அணியின் கோலி ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்துக்கொண்டிருந்தான். அலுப்பு என்று சொன்ன வாயோடு நான் மச்சாளுக்குப் பக்கத்தில், மடித்த துவாயையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு இருந்தேன். பின்வாங்கில் இருந்து இறக்கப்பட்ட ஒரு பையன், பெயரைக்கூட அறிவிப்பாளர் தடுமாறித்தான் சொன்னார், கோல் போட்டான். அண்ணை துள்ளி எழும்பி இவரைக் கட்டிப்பிடித்தார். மச்சாள் கைதட்டினார். அந்தப் பையன் கோல் போடுவான் என்று போன கிழமையே சொன்ன நான், கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து நண்டுக்கறியைச் சூடாக்கப் போனேன்.

இவர் பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஐஸ் எடுப்பது மாதிரிக் குளிர்ப்பெட்டியைத் திறந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: "அடுத்த சுற்றுக்கு ஆர்? அத்தான் கேக்கிறார்." பிழையாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. அந்தக் கோலிக்கு அவ்வளவு துரோகத்தை என்னால் செய்ய முடியவில்லை. சரியானதையே சொன்னேன். சந்தோசமாக ஐஸைக் கொண்டு போனார்.

அவர்களை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது காருக்குள் கேட்டேன். முதலில் சும்மா பகிடிக்குச் சொன்னது என்றார். பிறகு, முதல் வருடம் அத்தான் நீயாடா போட்டாய் என்று கேட்டபோது ஓம் என்று வாயில் வந்துவிட்டது, அதன் பிறகு எப்படி மாற்றுவது என்றார். நச்சரிக்கிற மனுசியைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் தங்கள் மனுசிமாரைப் பற்றி அப்படித்தான் குழுவில் எழுதுகிறார்கள், நான் மட்டும் எழுதாவிட்டால் ஒரு மாதிரி இருக்கும் என்றார். நான் முகத்தைத் திருப்பிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். அது அவருக்குப் பொறுக்கவில்லை. பறமற்றா தாண்டும்போது குரலை உயர்த்தி, கடைசியாக உண்மையைச் சொன்னார்.

"உம்மட பேரைச் சொன்னா அவையள் நம்பவே மாட்டினம்."

நாலு வருடத்தில் இவர் அதைப் பரீட்சித்துப் பார்க்கவே இல்லை. முடிவை மட்டும் எனக்குச் சொன்னார். அவர்கள் நம்புவார்களோ இல்லையோ, நம்ப வைக்கும் அளவுக்கு நான் பெறுமதி இல்லை என்று முதலில் நினைத்தவர் இவர்தான். ஒரு மாதம் அவரோடு உப்பு, புளி தவிர வேறு ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஏப்ரலில் தாள் வந்ததும் போனை என் பக்கம் தள்ளினார். உங்கள் தாளை நீங்களே நிரப்புங்கள் என்றேன். அன்றைக்கே மச்சாளுக்கு எழுதினேன். என்னையும் குழுவில் சேர்த்து, எனக்கு என்று ஒரு தாள் தரும்படி கேட்டேன். அந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஒரு காலை முழுவதும் போனது. இவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் பெயரில் ஒரு தாள் போய், அது சரிவந்தால் போதும். மிச்சத்தை அவர்களே விளங்கிக்கொள்வார்கள், தாள் என்ன பொய்யா சொல்லும் என்று நம்பினேன். மச்சாள் குரலைப் பதிந்து அனுப்பினார், சிரித்துக்கொண்டே. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் சட்டம், ஆனாலும் உமக்காக விடச் சொல்கிறேன், ஒன்றுக்கும் பயப்படாதையும், தம்பியிடம் கேட்டுக் கேட்டுப் போடும் என்றார்.

இவர் இணையத்தில் பட்டியல் ஒன்றைப் பார்த்து எட்டுச் சோடியிலும் பெரிய அணிகளையே குறித்து அனுப்பினார். நான் மூன்று நோஞ்சான்களைக் குறித்தேன். இரண்டு கிழமை ஆட்டம் பார்த்தேன், தனியாக. மத்தியானத்தில் போன் வரவில்லை. மூன்றும் வென்றன. மூன்றாவது அணி தன் ஏழாவது ஆட்டத்தில், நான் வேலைக்குப் புறப்பட அரை மணித்தியாலம் இருக்கும்போது வென்றது. இந்த முறை வாய்விட்டுக் கத்தினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அடுத்த நாள் ஞாயிறு. காலைச் சாப்பாடு முடிந்து மேசையில் எதிரும் புதிருமாக இருந்தபோது அண்ணை முதல் சுற்றின் முடிவைப் போட்டார். முதலாவதாக என் பெயர். என் கணவர் கடைசிக்கு முந்திய இடத்தில். குழுவில் பட்டாசுப் படங்களாக வந்து விழுந்தன. லண்டனில் இருக்கிற ஒரு மருமகள், எப்படி அன்ரி என்று கேட்டாள். நான் பதில் எழுதத் தொடங்க, அதற்குள் மச்சாளின் செய்தி வந்தது. தம்பி நல்லாப் பழக்கிப் போட்டான் என்று எழுதியிருந்தார். "நல்ல அணியள் எல்லாத்தையும் மனுசிக்குச் சொல்லிக் குடுத்திட்டு, தான் வேணுமெண்டு தோத்திருக்கிறான். இப்பிடி ஒரு புருசன் ஆருக்குக் கிடைக்கும்."

அதற்குக் கீழே இதயங்கள். ஒன்று, மூன்று, ஏழு.

நான் போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இவரும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். கண் வரி வரியாக இறங்குவது தெரிந்தது. ஒரு சொல் போதும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எழுதினால் போதும், எதையும் ஒப்புக்கொள்ளக்கூடத் தேவையில்லை. என் போனில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "எழுதுகிறார்" என்று வந்தது. நின்றது. திரும்பவும் வந்தது. மேலதிக நேரத்தில்கூட நான் ஒரு திரையை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு அவருடைய பதில் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. கும்பிடுகிற இரண்டு கைகள் மட்டும்.

எதிர்க் கதிரையில் இருந்தவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிளேன்ரீ ஒன்று போடுறீரோ என்று கேட்டார்.